கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது

ஒரு கையில் மணியும் முகத்தில் கனிவுமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் நாச்சியப்பன் ஐயா அவர்களே. எங்கள் தமிழை எடைபோட வந்திருக்கும் நடுவர், பேராசிரியர் தேனம்மை அம்மையார் அவர்களே. எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் உள்ளங்கையை வியர்க்க வைத்துவிட்ட திருப்பத்தூர்த் தோழியே. பிள்ளைகளை மேடைக்கு அனுப்பிவிட்டு அவர்களைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, தந்தையரே. காலைப் பூசை முடிந்த கையோடு எனக்காக பஸ் ஏறிக் காரைக்குடி வரை வந்திருக்கும் எங்கள் ஊர்ப் பெரியோர்களே. மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்த பாக்கியசாலிகளே, இடமே கிடைக்காமல் வாசலில் நிற்கும் பொறுமைசாலிகளே, உங்கள் எல்லோரையும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஜெரினா கைகூப்பி வணங்குகிறேன்.

இறுதிச் சுற்றுக்குத் தந்த தலைப்பு, 'கல்லூரி மாணவரும் கணினியும்'. தந்த நேரம் கால் மணி. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும், பதினைந்தாவது நிமிடத்தில் இரண்டு மணி அடிக்கும் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

என் பைக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. எட்டுப் பக்கம். அதை எழுதியவர் என் அப்பா மரியப்பன், தேவகோட்டையில் தமிழாசிரியர். முதல் வகுப்பிலிருந்து நான் மேடையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது. தொண்டை மட்டும் என்னுடையது. சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அந்த எட்டுப் பக்கமும் எனக்கு மனப்பாடம். 'கணினி, காலம் கனிந்து தந்த கருவூலம், கற்போர் கைக்குக் கிடைத்த கற்பகம்' என்று தொடங்கும். கேட்க இனிமையாக இருக்கும்.

அதை இன்று நான் பேசப் போவதில்லை.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், நான் மேடை ஏறியபோது என்னோடு சேர்ந்து உதட்டை அசைக்கத் தயாராக இருந்தார். இப்போது அந்த உதடு அசையாமல் நிற்கிறது. அவர்தான் அப்பா. அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஒருமுறை நானே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்லூரி மாணவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்: என் அக்கா ஆரோக்கிய ஷீலா. தாவரவியல், மூன்றாம் ஆண்டு. கணினி என்று எனக்குத் தெரிந்ததும் ஒன்றுதான்: எங்கள் வீட்டு நடு அறையில் இருப்பது. மேசைமேல் திரை, மேசைக்கு அடியில் அதன் பெட்டி, அதாவது சி.பி.யூ.

வருகிற புதன்கிழமை அக்கா தன் ஆய்வேட்டைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கும் நாற்பத்து மூன்று மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் படம், இலையின் அளவு, பூக்கும் மாதம், அதில் வந்து அடையும் பறவை. ஒப்படைக்காவிட்டால் தேர்வு முடிவு வராது. அந்த ஆய்வேட்டை அடிக்க வேண்டிய கணினியை, இன்று மாலை நான்கு மணிக்கு, சிங்கம்புணரியிலிருந்து ஒரு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறது. வண்டியை வரச் சொன்னவர் அப்பா. பெட்டியைக் கட்டித் தயாராக வைக்க அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார். இப்போது மணி இரண்டே முக்கால். நடுவே எனக்குக் கிடைத்திருப்பது இந்தக் கால் மணி நேரம்.

அவையோரே, கணினி வந்தால் வாழ்க்கை எளிதாகும் என்றார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. எளிதானதா?

காலையில் அக்கா அவசரமாக உட்காருவாள். கல்லூரிக்குப் போகுமுன் இரண்டே பக்கம் அடிக்க வேண்டும். கணினி கண்ணைத் திறந்து, 'என்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைத்துவிடாதே' என்று சொல்லும். ஐந்து சதவீதம். அக்கா பல் விளக்கி வருவாள். எட்டு சதவீதம். குளித்து வருவாள். முப்பது. இட்லி தின்று முடிப்பாள். தொண்ணூற்றொன்பது. அவ்வளவுதான், இதோ முடிந்தது என்று நாற்காலி நுனியில் உட்காருவாள். தொண்ணூற்றொன்பதிலிருந்து நூற்றுக்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் காரைக்குடிக்கு பஸ்ஸில் போய்த் திரும்பி வந்துவிடலாம். அக்கா உண்மையிலேயே போய்த் திரும்பி வந்திருக்கிறாள். அப்போதும் தொண்ணூற்றொன்பதுதான்.

சரி, புதுப்பித்து முடிந்தது. எழுத ஆரம்பிக்கலாமா? திரை நடுவில் ஒரு நீல வட்டம் வரும். சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றும்போது அக்கா திட்டமாட்டாள். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது மண்டியிட்டிருப்பவள் போல மூச்சுக் காட்டாமல் இருப்பாள். தொட்டால் அது கோபித்துக்கொள்ளும். தொடாவிட்டால் தூங்கிப்போகும். என்ன செய்வாள் ஒரு கல்லூரி மாணவி?

வட்டம் நின்றது. எழுதுகிறாள். வேகமாக எழுதுகிறாள். அடுப்படியில் பிளக் பழுது என்பதால் எங்கள் வீட்டு மிக்சி நடு அறைக்குத்தான் வரும். அம்மா இன்பமேரி சட்னித் தேங்காயோடு வந்து நிற்பார்.

"ஏத்தா ஷீலா, ரெண்டு நிமிசம் பிளக்கப் பிடுங்கிக்கிறவா?"

"இரும்மா, சேவ் பண்ணிக்கிறேன்."

"பிடுங்கிட்டேனே."

அன்றைக்குச் சட்னி நன்றாக இருந்தது. அக்கா தொடவில்லை.

தாய்மார்கள் சிரிப்பதைப் பார்த்தால், பிளக்கைப் பிடுங்கிய கைகள் இந்த மண்டபத்தில் இன்னும் சில இருக்கின்றன.

வீட்டில் அச்சு எடுக்கும் வசதி இல்லை. பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோவாள். வீட்டில் ஆலமரம், அரசமரம், மருதமரம் என்று அழகாகத் தெரிந்த எழுத்தெல்லாம் கடைத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். கடைக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வீடு கட்டப் போறீகளாம்மா, பிளான் நல்லாருக்கு" என்பார். திரும்பி வந்து வீட்டில் சொருகினால், பென் டிரைவுக்குள் அக்கா வைத்த ஒன்றும் இருக்காது. அவள் வைக்காத ஏழெட்டு இருக்கும்.

இதெல்லாம் போதாதென்று பக்கத்து வீட்டுப் பொன்னழகு மாமா. நல்ல மனிதர், விவசாயி. இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், எனக்காக வந்திருக்கிறார். மாமா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"ஷீலா இருக்கியாத்தா? ஒரு சின்ன வேலை."

"வாங்க மாமா, சொல்லுங்க."

"எங்க கெணத்து மோட்டாரு தண்ணி எடுக்க மாட்டேங்குது."

"மாமா, நான் செடிகொடி படிக்கிறேன்."

"அதான் கம்ப்யூட்டர் வச்சிருக்கீகள்ல. அதுல போட்டுப் பாரு, என்ன கோளாறுன்னு வரும்."

அக்கா மறுக்கத் தெரியாதவள். போட்டுப் பார்த்தாள். தண்ணீருக்குள் இருக்கும் வால்வில் குப்பை அடைத்திருக்கலாம் என்று வந்தது. மாமா போய் எடுத்துப் பார்த்தார், அடைத்திருந்தது, தண்ணீர் வந்துவிட்டது. பாராட்டிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் எங்கள் வாசலில் ஐந்து பேர். ஒருவர் கையில் கிரைண்டர் கல். ஒருவர் ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு என்றார். அக்காவின் ஆய்வேட்டில் அன்றைக்கு ஒரு மரம்கூட நடப்படவில்லை.

மாமா எழுந்து கும்பிடுகிறார். உட்காருங்கள் மாமா, உங்கள் பேரில் வழக்கு ஏதும் இல்லை.

இவ்வளவையும் அக்கா பொறுத்தாள். புதுப்பித்தலைப் பொறுத்தாள், நீல வட்டத்தைப் பொறுத்தாள், சட்னியைப் பொறுத்தாள், கிரைண்டர் கல்லையும் பொறுத்தாள். பொறுக்க முடியாத ஒன்று சனவரி மாதக் கடைசியில் தொடங்கியது. அதைச் சொல்லத்தான் அப்பாவின் எட்டுப் பக்கத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. டி.வி.க்கு உறை. பிரிட்ஜுக்கு உறை, பிரிட்ஜ் கைப்பிடிக்குத் தனி உறை. மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் பை, பை கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு. உங்கள் வீட்டிலும் உண்டா? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. ஒரு பொருள்மேல் பிரியம் என்றால் நாங்கள் அதற்குச் சட்டை தைத்துவிடுவோம். அப்படிப்பட்ட வீட்டில், மேசைக்கு அடியில் அந்தப் பெட்டி மட்டும் வெறும் மேனியாக நின்றது.

அக்காவின் பிறந்தநாள் சனவரி இருபத்தைந்து. எங்கள் கோயிலுக்குத் திரைச்சீலை தைத்ததில் மிஞ்சிய ஊதா வெல்வெட் துணி, அம்மாவின் பெட்டியில் இருந்தது. அதை எடுத்து, உள்ளே தடிமனான பருத்தித் துணி வைத்து, மூன்று வாரம் ஒளித்து ஒளித்து ஓர் உறை தைத்தேன். நான்கு மூலையிலும் வெள்ளை மணி. முன்பக்கம் தங்க நூலில் 'ஷீலா'. சுவிட்சுக்கு மட்டும் பொத்தான் ஓட்டை மாதிரி ஒரு துளை. பின்பக்கம் ஒயர் வர ஒரு சின்னக் கீறல். மற்றபடி தரை வரைக்கும் மூடியது. ஓர் ஊசி நுழைய இடமில்லாமல் அவ்வளவு கச்சிதம். தையல் டீச்சர் பார்த்துவிட்டு, கடையில் வாங்கியதா என்று கேட்டார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்துக் காயவைத்தார். அப்பாவோ, வீட்டுக்கு யார் வந்தாலும் மேசைக்கு அடியில் குனிய வைத்து, "என் சின்ன மகள் தைத்தது" என்று காட்டினார். மேடையில் வாங்கிய பரிசெல்லாம் அப்பா எழுதியதற்கு. என் கையால் நானே செய்து பெயர் வாங்கியது அது ஒன்றுதான்.

பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள் கணினி நின்றது. ஒரு மணி நேரம் ஓடும், பட்டென்று அணையும். அக்கா மறுபடி போடுவாள், கால் மணியில் அணையும். முதல்முறை எட்டு மரம் போனது. இரண்டாம் முறை சேமித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. அந்தக் கோப்பு அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

கணினியைக் கடைக்குத் தூக்கினோம். தேவகோட்டையில் கோபிநாத் அண்ணன் கடை. கிளம்பும்போது அம்மா என்ன செய்தார் தெரியுமா? வழியில் அழுக்காகிவிடும் என்று உறையைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்தார்.

முன்வரிசையில் ஓர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அக்கா, உங்களுக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் விளங்கவில்லை.

கடையில் கணினி நாள் முழுக்க ஓடியது. கோபிநாத் அண்ணன் திருப்பித் தந்தார். "சார், ஒரு கோளாறும் இல்லை. காலையில போட்டது, இப்பத்தான் நிறுத்துனேன்." வீட்டுக்கு வந்தது. அம்மா துடைத்தார், உறையைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் நின்றது.

இரண்டாம் முறை தூக்கினோம். உறை பீரோவுக்குப் போனது. கணினி கடைக்குப் போனது, ஓடியது. "சார், எங்கிட்ட இருக்கையில தங்கமா இருக்கு. உங்க வீட்டுக் கரண்ட்டுதான் சரியில்ல போல." ஆள் வந்து ஒயரெல்லாம் பார்த்தார். கணினி வந்தது, உறை வந்தது, நின்றது.

அம்மாவுக்குக் கண்ணேறு என்று சந்தேகம் வந்துவிட்டது. பங்குச்சாமியாரை அழைத்து வந்தார். தண்ணீர் தெளித்தால் வெல்வெட்டில் கறை விழும் அல்லவா? உறையைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாமியார் செபித்துத் தெளித்தார். அன்றைக்கு மாலை முழுவதும் அந்தக் கணினி நிற்காமல் ஓடியது. அக்கா பதினொரு மரம் முடித்தாள். தெருவே வந்து பார்த்தது. அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். மறுநாள் காலை, ஈரமெல்லாம் காய்ந்தது என்று உறையை எடுத்துப் போட்டார். நின்றது. அம்மா சாமியாரிடம் போய், "நீங்க கொஞ்சம் கூடுதலாத் தெளிச்சிருக்கலாம் சாமி" என்று குறைபட்டுக்கொண்டார்.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது கோபிநாத் அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார் கோவிச்சுக்காதீக. வீட்ல யாரு உக்காருறாக?"

"பெரிய மக."

"என்னத்தையாச்சும் மாத்தி மாத்தி அமுக்குறாகளோ என்னமோ."

அந்த ஒரு வரியோடு அப்பா வீட்டுக்கு வந்தார்.

"கருவி நல்லாத்தான் இருக்கு. கையாளத் தெரியல" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள் அக்கா.

"அப்ப அதுவா நிக்குதா?"

அதுவாகத்தான் நின்றது, அதை யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து ஒன்பது நாளாக அப்பாவும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. பார்த்திருப்பீர்கள், இன்றுகூட அப்பா மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அக்கா கடைசி வரிசையில் தனியாக இருக்கிறாள். இருக்கிற வரைக்கும் சண்டைதான், கணினியே வேண்டாம், விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. மிச்சத்தைக் கையால் எழுதிக் கொடுக்கிறேன் என்று அக்கா துறையில் கேட்டாள். தட்டச்சு செய்யாததை வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது பெரியோர்களே, என் பங்கு.

போன வாரம் எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஒரு பெண் தன் புத்தகப் பையைப் பெட்டியின் பின்பக்கம் சாய்த்து வைத்தாள். யோகலட்சுமி டீச்சர் ஓடி வந்தார். "யாருடி பைய அங்குட்டு வச்சது? அது காத்து வெளிய போற எடம். அடைச்சா உள்ளுக்குள்ள வெந்து தன்னால நின்னுபோகும். எடுத்து இங்குட்டு வை."

பையை வைத்தது வேறொருத்தி. காது சூடானது எனக்கு.

வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உறையைக் கழற்றிவிட்டுப் போட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. உறையைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆவதற்குள் அணைந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. அக்கா ஒன்றும் அமுக்கவில்லை. கரண்ட்டில் குறையில்லை. கண்ணேறு இல்லை. சாமியார் தெளித்த தண்ணீரும் போதுமான அளவுதான். நான் தைத்த சட்டைக்குள் அந்தக் கணினி மூச்சு முட்டிச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது.

பேசாமல் உறையைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தேன். "யாரு இதக் கழட்டுனது, தூசி அடையுதுல்ல" என்று அம்மா கண்டுபிடித்து மறுபடி போட்டுவிட்டார். அப்பாவிடம் சொல்லப் போனேன். வண்டிக்காரரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், என்ன என்று கண்ணால் கேட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அக்காவிடம் சொல்லப் போனேன். அவள் என் தங்க நூல் எழுத்தைத் தடவிக்கொண்டு, "கம்ப்யூட்டர் போனாலும் இத நான் வச்சுக்குவேன்டி" என்றாள்.

எனக்கு என்ன பயம்? அப்பா அடிக்க மாட்டார். எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. பேச்சை நிறுத்திவிடுவார். காலையில் எழுந்ததிலிருந்து எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற மனிதர், ஒருவரிடம் மட்டும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவார். ஒன்பது நாளாக அதை அக்கா தாங்கிக்கொண்டிருக்கிறாள். நான் செய்ததற்கு அவள் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் நான் வாயைத் திறந்தால் மூன்றாவது சொல்லிலேயே ஒருவர் குறுக்கே பேசுவார். இல்லாவிட்டால் நானே பயந்து நிறுத்திவிடுவேன். மேடையில் கால் மணி நேரத்துக்கு யாரும் குறுக்கே பேச முடியாது. நானும் நடுவில் இறங்கி ஓட முடியாது. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

இதோ, ஐயா மணி அடித்துவிட்டார். ஒற்றை மணி. மூன்று நிமிடம் இருக்கிறது.

இதுதான் அந்த உறை. காலையில் புறப்படும்போது கழற்றிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா இந்நேரம் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். பாருங்கள், எவ்வளவு அழகு. எவ்வளவு மென்மை. எவ்வளவு கச்சிதம்.

அவையோரே, ஒரு கணினி நின்றது. கடைக்கு மூன்று முறை தூக்கினோம், கடையைச் சந்தேகப்பட்டோம். சுவரைத் தட்டினோம், கரண்ட்டைச் சந்தேகப்பட்டோம். சாமியாரை அழைத்தோம், அக்கம்பக்கத்தார் கண்ணைச் சந்தேகப்பட்டோம். கடைசியில், ராத்திரி பகலாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்பத்து மூன்று மரத்தையும் நேசித்து எழுதிய ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டோம். இதை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏன்? அழகாக இருந்ததால். ஆசையாகத் தைத்ததால். ஆசையாகச் செய்த ஒன்று ஒருவரை வாட்டும் என்று யாருக்குத் தோன்றும்? கணினி பாவம், அதற்கு வாயில்லை; மூச்சு முட்டினால் நின்றுபோகத்தான் தெரியும். அக்காவுக்கு வாய் இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லை நாங்கள் கேட்டிருந்தால், வேறு இடத்தில் தேடியிருப்போம். தேடியிருந்தால் மேசைக்கு அடியில் குனிந்திருப்போம். குனிந்து கையை வைத்திருந்தால் சூடு தெரிந்திருக்கும்.

அக்கா, கடைசி வரிசையில் இருக்கும் அக்கா, உன்மேல் தவறில்லை. தவறு என்னுடையது. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

அப்பா எழுந்துவிட்டார்.

அப்பா, கணினியை...

வெளியே போகிறார். வழிவிடுங்கள், அவருக்கு வழிவிடுங்கள்.

பரவாயில்லை. நான் பேசுகிறேன். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. எழுதி வந்தது இத்தோடு முடிந்துவிட்டது, மிச்சத்தை மனதிலிருந்துதான் சொல்ல வேண்டும். திட்டினாலும் பேசாவிட்டாலும் நான் பொறுத்துக்கொள்வேன், அது என் பங்கு. ஆனால் புதன்கிழமை அக்காவுடையது. அதை யாரும் வண்டியில் ஏற்றக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. சொல்லிவிட்டேன்.

வாசலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்பா வந்துவிட்டார். காதிலிருந்து போனை எடுக்கிறார். என்னப்பா? ஒலிவாங்கி இங்கே இருக்கிறது, அங்கிருந்து சொன்னால் எல்லோருக்கும் கேட்காது, நான் திருப்பிச் சொல்கிறேன்.

"வண்டிய வர வேணாம்னு சொல்லிட்டேன். நீ பேசுத்தா" என்கிறார்.

நீங்கள் கைதட்டுவது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், எனக்குக் கண் மறைக்கிறது. அப்பா மூன்றாவது வரிசைக்குப் போகவில்லை. தாண்டிப் போகிறார். கடைசி வரிசை வரை போகிறார். அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் அம்மா அவர்களே, தலைப்பைத் தாண்டி எங்கள் வீட்டு நடு அறை வரைக்கும் போய்விட்டேன். எவ்வளவு மதிப்பெண் குறைக்க வேண்டுமோ குறைத்துக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன். ஆய்வேடு இருபத்தாறாவது மரத்தில் நிற்கிறது. இன்னும் பதினேழு. இன்று ஞாயிறு. அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தால் செவ்வாய் மாலைக்குள் முடித்துவிடலாம், அதற்கு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் முடிவு அறிவிக்கும்போது நான் இங்கே இல்லாமல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார், அடிக்காமல் எனக்காகக் காத்திருக்கிறார். அந்தக் கனிவுக்கு நன்றி. பயந்த ஒரு பெண்ணைப் பயமில்லாதவள் போலக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் ஒருமுறை மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். உங்கள் கணினிகள் நன்றாக மூச்சு விடட்டும், உங்கள் பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கட்டும். வருகிறேன், வணக்கம்.